முட்டை கோஷ்டியும் மாவு கோஷ்டியும்

அவளுக்கென்று ஒரு பெயர் இருக்கத்தான் செய்தது. ஆனால் செவ்வாய்க்கிழமைதோறும் மருந்தறை ஜன்னலுக்கு வெளியே வரிசையில் நிற்பவர்களுக்கு அவள் டப்பாக்கா. உள்ளே இருந்து வெள்ளை டப்பாவை நீட்டுகிற அக்கா, அதனால் டப்பாக்கா. இதற்கு மேல் ஆராய்ச்சி தேவையில்லை. முதல் வாரம் அதைக் கேட்டு முகத்தைச் சுளித்தாள். மூன்றாம் வாரம் ஃபோனை எடுத்து, "டப்பாக்கா பேசறேன்" என்று தானே சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பத்தொன்பது வருடமாக அதே ஆஸ்பத்திரியில் மருந்தாளர். கறார் என்றால் அப்படி ஒரு கறார். மாத்திரை எண்ணும் தட்டை யாராவது இடம் மாற்றி வைத்துவிட்டால் அன்றைக்கு முழுக்க உர்ரென்று இருப்பாள். கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். "எங்க வீட்ல உப்பு டப்பாவுக்குக்கூட தேதி ஒட்டியிருக்கும்" என்று போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். பொய்யில்லை, ஒட்டியிருந்தது.

அப்பேர்ப்பட்டவளிடம் ஒரு ரகசியம் இருந்தது. அவளுக்கு வாசனை தெரியாது. பூவும் தெரியாது, பினாயிலும் தெரியாது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்தாள். காய்ச்சல் போகும்போது வாசனையையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று பார்த்தாள். ஒரு மாதம் ஆயிற்று, ஒரு வருடம் ஆயிற்று. மருந்தறைக்குச் சரக்கு வரும்போதெல்லாம் ஒரு தாளில் நிறம், எடை, வடிவம், மணம் என்று நான்கு கட்டம் இருக்கும்; ஒவ்வொன்றையும் பார்த்து 'சரி' போட்டுக் கீழே கையெழுத்து வைக்க வேண்டும். முதல் தடவை மணத்துக்கு எதிரே 'சரி' போடுவதற்கு முன் அந்தக் கட்டத்தையே ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தாவது தடவை பார்க்கக்கூட இல்லை. அப்புறம் உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால் அதுவரை போட்ட 'சரி' எல்லாம் பொய் என்றும் சேர்த்தல்லவா சொல்ல வேண்டும்? வாயை மூடிக்கொண்டாள்.

தெரிந்தால் மருந்தறையில் விட்டுவைக்க மாட்டார்கள் என்பது அவளுக்கு நிச்சயம். ஆகவே சமாளித்தாள். சிரப்பு பாட்டிலில் சந்தேகம் வந்தால் பெருக்குகிற அம்மாவைக் கூப்பிட்டு, "எனக்கு மூக்கடைப்பு, கொஞ்சம் மோந்து பாருங்க" என்பாள். வருடம் முழுக்க இவளுக்கு மட்டும் எப்படி ஜலதோஷம் இருக்கிறது என்று அந்த அம்மாவும் கேட்டதில்லை. வீட்டில் மகள்தான் மூக்கு. "பால் கெட்டுப்போச்சாடி?" என்றால், "அது நேத்தே போச்சும்மா, இன்னிக்கு காரியமே பண்ணிடலாம்" என்பாள். பதினேழு வயது, வாய் நீளம். "நான் காலேஜுக்கு வெளியூர் போனா என் மூக்கைக் கழட்டி ஃபிரிட்ஜுல வச்சிட்டுப் போகட்டுமா?" என்று கேட்டு அடி வாங்கியிருக்கிறாள்.

இந்த நிலையில்தான் அந்த ஆய்வு வந்தது.

கஞ்சாவை விட வேண்டும் என்று நினைத்தும் விட முடியாமல் தவிக்கிறவர்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தால், உட்காரவைத்துப் பேசுவார்கள், அவ்வளவுதான். கையில் கொடுக்க மாத்திரை என்று ஒன்றும் கிடையாது. அந்தப் பிரிவின் டாக்டரம்மாவுக்கு ஒரு யோசனை. உடம்புக்கு நல்லது என்று கடைகளில் சும்மாவே விற்கிற ஒரு சத்துப் பொடி இருக்கிறது. அது அந்த ஏக்கத்தைக் குறைக்கிறதா என்று முறையாகப் பார்த்துவிடலாம். எழுபத்திரண்டு பேர், பன்னிரண்டு வாரம். முப்பத்தாறு பேருக்குச் சத்துப் பொடி அடைத்த கேப்சூல். மீதி முப்பத்தாறு பேருக்கு வெறும் மாவு அடைத்த கேப்சூல். யாருக்கு எது என்று சாப்பிடுகிறவர்களுக்கும் தெரியக்கூடாது, டாக்டரம்மாவுக்கும் தெரியக்கூடாது. தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிடும், கணக்கு கோணிவிடும். தெரிந்தவள் ஒருத்தி மட்டும். பட்டியல் அவள் அலமாரியில், சாவி அவள் இடுப்பில்.

டப்பாக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. பத்தொன்பது வருட வேலையில் இப்படி ஒரு பொறுப்பு வந்ததில்லை. உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு, முகமூடி போட்டுக்கொண்டு, அவளே ஒவ்வொரு கேப்சூலையும் அடைத்தாள். மாவு கேப்சூலையும் மருந்து கேப்சூலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தாள். நிறுத்தாள். காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்த்தாள். ஒரு கிண்ணம் தண்ணீரில் மிதக்கவிட்டுக்கூடப் பார்த்தாள். பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாத இரட்டைப் பிள்ளைகள். தாளில் நிறம் சரி, எடை சரி, வடிவம் சரி. மணம்... அங்கே மட்டும் பேனா ஒரு நொடி நின்றது. பொடியோடு வந்த குறிப்பில் 'லேசான கந்தக மணம்' என்று இருந்தது. லேசானதுதானே. பெருக்குகிற அம்மாவைக் கூப்பிடலாம் என்றால், உள்ளறைக்குள் வேறு ஆள் வரக்கூடாது என்பது ஆய்வின் விதி. வீட்டுக்கு எடுத்துப்போய் மகளிடம் நீட்டவும் கூடாது. விதி என்றால் அவளுக்கு விதிதான். 'சரி' போட்டுக் கையெழுத்து வைத்தாள்.

செவ்வாய்க்கிழமைகள் ஓடின. வருகிறவர்கள் சிறுநீர் பிடித்துக் கொடுப்பார்கள், ஆலோசகரிடம் அரை மணி நேரம் பேசுவார்கள், ஜன்னலில் வந்து டப்பா வாங்கிக்கொண்டு போவார்கள். ஐந்தாம் வாரத்தில் கூட்டம் குறைந்தது. ஆறாம் வாரத்தில் இன்னும் குறைந்தது. மொத்தம் பதினான்கு பேர் வராமல் போய்விட்டார்கள். டாக்டரம்மா கையைப் பிசைந்தாள். "என்ன தப்பு பண்றோம்னே தெரியலியே" என்று வராந்தாவில் நின்று புலம்பினாள்.

டப்பாக்கா அன்று மதியம் அலமாரியைத் திறந்து பட்டியலைப் பார்த்தாள். வராமல் போன பதினான்கு பேரில் பன்னிரண்டு பேர் மாவு. அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. மருந்து சாப்பிடுகிறவன் தொடர்ந்து வருகிறான், மாவு சாப்பிடுகிறவன் ஓடுகிறான். அப்படியென்றால் மருந்து பிடிக்கிறது! வாயைத் திறந்து யாரிடமும் சொல்லக்கூடாது. வீட்டுக்குப் போய்க் கணவரிடம், "நான் எதையும் சொல்லக்கூடாது, ஆனா இன்னிக்கு எனக்கு சந்தோஷமா இருக்கு" என்று மட்டும் சொன்னாள். அவர், "சரி, நானும் எதையும் கேக்கல, ரெண்டாவது தடவ சோறு போடு" என்றார்.

ஏழாவது செவ்வாய். வரிசையில் கடைசி ஆளாகக் கயிறு வந்து நின்றான். உயரமான கட்டடங்களில் வெளிப்பக்கம் கயிற்றில் தொங்கிக்கொண்டு பெயின்ட் அடிக்கிறவன், அதனால் கயிறு. முப்பத்தைந்து வயது இருக்கும். நகக்கண்ணில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் ஒட்டியிருக்கும். வழக்கமாக ஜன்னலுக்கு வந்ததும் ஒரு கேலி பேசாமல் போகமாட்டான். அன்றைக்குப் பின்னால் யாரும் இல்லை என்று திரும்பிப் பார்த்துவிட்டு, குனிந்து, குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, ஒரு உதவி. இந்த வாரம் எனக்கும் நாத்த மாத்திரையா குடுங்கக்கா."

"என்னது?"

"அதாங்கா, அழுகின முட்டை நாத்தம் அடிக்குமே, அது. என்னோடது வெறும் மாவு. எனக்குத் தெரியும்."

டப்பாக்காவுக்கு ஒன்றும் ஓடவில்லை. "யாருப்பா சொன்னது உனக்கு?"

"யாரு சொல்லணும்? மூடியத் திறந்தா மூக்கு சொல்லுது. பெஞ்சுல உக்காந்து மாத்தி மாத்தி மோந்து பாத்தோம். மூணாவது வாரமே ரெண்டு கோஷ்டியா பிரிஞ்சாச்சு, முட்டை கோஷ்டி, மாவு கோஷ்டின்னு. முட்டை கோஷ்டிக்கு என்ன கித்தாப்புங்கிறீங்க! மாவு கோஷ்டில பாதிப் பேரு, மாவு திங்கறதுக்கு எதுக்கு ரெண்டு பஸ் மாறி வரணும்னு வீட்லயே உக்காந்துட்டான்." சிரிக்கத்தான் பார்த்தான், சிரிப்பு வரவில்லை. "மொத மூணு வாரம் நான் தொடவே இல்லக்கா. சத்தியமா. மாவுன்னு தெரிஞ்சதும் விட்டுப்போச்சு. இப்ப பழையபடி இழுத்துட்டுதான் இருக்கேன். போன மாசம் புள்ளைய ஸ்கூல் வாசல்ல மறந்துட்டேன். ரெண்டு மணி நேரம் நின்னுட்டு இருந்திருக்கு. என்னைப் பாத்ததும் அழக்கூட இல்ல. இதுக்கு மேல தாங்காதுக்கா. அந்த நாத்த மாத்திரையக் குடுங்க."

"மாத்தித் தர முடியாதுப்பா. எனக்கு அதிகாரம் கிடையாது" என்று எப்படியோ சொல்லி, அவன் டப்பாவை நீட்டினாள். அவன் அதை வாங்கி, மூடியைத் திறந்து, அவள் கண்ணெதிரே மோந்து பார்த்து, உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனான்.

ஜன்னலைச் சாத்தினாள்.  ஒரு முட்டை டப்பாவும் ஒரு மாவு டப்பாவும் எடுத்து, ஒட்டியிருந்த பெயர்ச் சீட்டைக் கிழித்துவிட்டு, விதியாவது ஒன்றாவது என்று வராந்தாவுக்குப் போய்ப் பெருக்குகிற அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள். முதல் டப்பாவுக்கு அந்த அம்மா சும்மா இருந்தாள். இரண்டாவதற்கு, "அய்ய! கருமம்! என்னம்மா இது, செத்த எலியா?" என்று துடைப்பத்தைப் போட்டுவிட்டுப் பின்வாங்கினாள். லேசான மணமாம் லேசான மணம். குறிப்பு எழுதினவன் மட்டும் கையில் கிடைத்திருந்தால் அன்று அவனை உரித்து எடுத்திருப்பாள்.

உள்ளறையில் போய் உட்கார்ந்தாள். எல்லாம் தலைகீழாகத் தெரிந்தது. முட்டைக்காரர்கள் தொடர்ந்து வந்தது மருந்து பிடித்ததால் அல்ல. மருந்து என்று தெரிந்ததால் வந்தார்கள். மாவு என்று தெரிந்ததால் மற்றவர்கள் ஓடினார்கள். இந்தக் கணக்கை இப்படியே முடித்தால் சத்துப் பொடி ஓகோ என்று வேலை செய்வதாகத்தான் காட்டும். அதை நம்பி நாளைக்கு எத்தனை டாக்டர் எத்தனை பேருக்கு எழுதிக்கொடுப்பார்களோ! ஆறு வாரத்துக்கு முன் தான் சந்தோஷமாக வைத்த கையெழுத்தை எடுத்துப் பார்த்தாள். அழகான கையெழுத்து.

அப்போதுதான் அந்தக் கெட்ட யோசனை வந்தது. கெட்டது என்று சொல்கிறேன், ஆனால் கெட்டிக்கார யோசனை. மாவு டப்பாவில் பஞ்சுக்கு அடியில் ஒரு சிட்டிகை சத்துப் பொடியைத் தூவினால் போதும், டப்பா முழுக்க நாறும். கேப்சூல் மாவுதான், மூடியைத் திறந்தால் முட்டை. ஒரு டப்பாவில் தூவி வெளியே எடுத்துப்போனாள். "இதுவும் அந்தக் கருமம்தான்!" என்று பெருக்குகிற அம்மா ஓடினாள். வேலை சுத்தம். மிச்சமிருக்கிற மாவு டப்பாக்களுக்கு அரை மணி நேரம் பிடிக்கும். அடுத்த செவ்வாயிலிருந்து எல்லோரும் முட்டை கோஷ்டி. கம்பெனி மாற்றிவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. டாக்டரம்மாவுக்குத் தெரியாது, வேலை தப்பும், ஒன்பது வருடத்து மானமும் தப்பும்.

வரிசையாக டப்பாக்களை எடுத்து வைத்தாள். சிட்டிகை சிட்டிகையாகத் தூவினாள். ஏழாவதோ எட்டாவதோ கயிற்றின் டப்பா. கை நின்றுவிட்டது. அடுத்த வாரம் அவன் இதை வாங்கி மூடியைத் திறப்பான். முகம் மலரும். அக்கா நமக்காக மாற்றிக் கொடுத்துவிட்டாள் என்று கையெடுத்துக் கும்பிட்டாலும் கும்பிடுவான். அப்புறம் அந்த மாவைத் தின்றுவிட்டு, மருந்து தின்றும் என்னால் விட முடியவில்லையே, நான் எதற்கும் உதவாதவன் என்று நினைத்துக்கொள்வான். அதை நினைத்ததும் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தூவின டப்பாக்களை எல்லாம் ஒரு பையில் கட்டித் தனியாக வைத்தாள்.

சாயங்காலம் வீட்டில் சொன்னாள். மகள், "என்கிட்ட நீட்டியிருந்தா ஒரு செகண்டுல சொல்லியிருப்பேனேம்மா" என்றாள். டப்பாக்காவால் அவளை நேருக்கு நேர் பார்க்க முடியவில்லை. கணவர்தான் கேட்டார்.

"சொன்னா வேலை போயிடுமா?"

"போனாலும் போகும். மருந்தறைல நிச்சயமா வைக்க மாட்டாங்க."

"சொல்லலைன்னா?"

"செவ்வாய்க்கிழமை ஜன்னலைத் திறக்க முடியாதுங்க என்னால."

"அப்ப ரெண்டுலயும் ஜன்னல் கிடையாது. சொல்லிட்டே வந்துடு" என்றார்.

மறுநாள் டாக்டரம்மாவின் அறையில் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே சொன்னாள். டாக்டரம்மா அந்தத் தாளை எடுத்துப் பார்த்தாள்.

"மணம் சரின்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்களே. மோந்து பாக்கவே இல்லையா?"

"மோந்தேன் டாக்டர். ஒண்ணும் வரல. ஒன்பது வருஷமா எதுவுமே வரல."

டாக்டரம்மா கத்தியிருந்தால் தேவலை. தாளை மேஜைமேல் வைத்து, கையால் திரும்பத் திரும்ப நீவிவிட்டாள். "ரெண்டு வருஷம் அலைஞ்சு வாங்கின அனுமதி" என்றாள். பிறகு, "எழுபத்திரண்டு பேர்" என்றாள். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இன்னொரு ஆளைக் கூட வச்சிருப்பேனே. வாசனை தெரியலங்கறது ஒரு குத்தமா? தெரியும்னு எழுதினதுதானே குத்தம்" என்றாள்.  டப்பாக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

ஆய்வுக்கு அனுமதி கொடுத்த குழு கூடிப் பேசி முடிவெடுக்கப் பத்து நாள் ஆயிற்று. இதுவரை எடுத்த கணக்கு எதுவும் செல்லாது. ஆய்வை முதலிலிருந்து தொடங்க வேண்டும், புது ஆட்களை வைத்து. ஒருமுறை இதில் இருந்தவர்களை மறுபடி சேர்க்கக் கூடாது. அவர்களுக்கு மாத்திரை நிறுத்தப்படும். ஆலோசகரின் பேச்சு மட்டும் பன்னிரண்டு வாரம் முடியும்வரை நடக்கும். புது அனுமதி, புது மருந்து, புது ஆட்கள் எல்லாம் சேர்ந்து பதில் வர மூன்று வருடமாவது ஆகும். டப்பாக்காவை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஒன்றாம் தேதியிலிருந்து கோப்பறைக்கு மாற்றினார்கள். பத்தொன்பது வருடத்துக்கு அது பெரிய அடிதான். சாவியைக் கழற்றிக் கொடுத்தபோது இடுப்பு காலியாகிப்போனது.

ஒன்றே ஒன்று மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஆய்வு நின்றுவிட்டது என்று எல்லோருக்கும் கொடுக்க வேண்டிய கடிதத்தை ஆலோசகர் கொடுப்பதாக ஏற்பாடு. "நான் குடுக்கறேன் டாக்டர். டப்பா குடுத்தவ நான்" என்றாள். டாக்டரம்மா சம்மதித்தாள்.

கடிதம் கொடுக்கிற செவ்வாய் ஓடிப்போனவர்களில்கூடச் சில பேர் வந்திருந்தார்கள். கயிறு முதல் ஆளாக நின்றான். கடிதத்தை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தான். படித்துவிட்டு நிமிர்ந்தான்.

"அப்ப என்னை மறுபடி சேக்க மாட்டாங்களா?"

"மாட்டாங்கப்பா."

"யாரு பண்ணின தப்பு இது?"

"நான்தான். எனக்கு வாசனை தெரியாது. அதை மறைச்சு வச்சிருந்தேன்."

அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். கோபப்படுவான் என்று எதிர்பார்த்தாள். கொஞ்சம் யோசித்துவிட்டு அவன் வேறு ஒன்று கேட்டான்.

"இந்தப் பொடி கடையிலேயே விக்குதுன்னு சொன்னாங்களே. நானே வாங்கித் தின்னட்டுமாக்கா? கேக்குமா?"

பத்தொன்பது வருடம் ஜன்னலில் நின்று, இது கேட்குமா, அது கேட்குமா என்று கேட்ட ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னவள் அவள்.

"தெரியாதுப்பா."

"தெரியாதா, இல்ல சொல்லக் கூடாதா?"

"நிஜமாவே தெரியாது. யாருக்குமே தெரியாது. இன்னும் நாலு வாரத்துல தெரிஞ்சிருக்கும். என்னாலதான் தெரியாமப் போச்சு."

"மூணு வருஷம் கழிச்சு வந்து கேக்கணுமா?"

"ஆமா."

கயிறு கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். "அவ்வளவு நாள் நான் தாங்குவேனான்னு தெரியலக்கா" என்றான். கோபமாகச் சொல்லவில்லை, நேரம் என்ன ஆகிறது என்று கேட்பதுபோலச் சொன்னான். டப்பாக்கா, "பேச்சுக்காவது வாரம் தவறாம வந்துடுப்பா" என்றாள்.  கயிறு, பின்னால் நின்றவனுக்கு வழிவிட்டுப் படியிறங்கிப் போனான்.

அவளுக்குக் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டு அடுத்த கடிதத்தை எடுத்தாள். வரிசையில் இன்னும் முப்பது பேருக்குமேல் நின்றார்கள். கேட்கிற ஒவ்வொருவனுக்கும் அவள் தெரியாது என்று சொல்ல வேண்டியிருந்தது.